அத்தை விற்கும் சப்ளிமென்ட்: டப்பா சொல்வது என்ன, வாய் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தை வீட்டுக்கு வருகிறார். வழக்கமாகக் கொண்டு வரும் முறுக்குப் பொட்டலம் இல்லை. கைப்பையிலிருந்து பளபளப்பான டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

"அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்குல்ல? இதைக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு கொடுத்துப் பாருங்க. எங்க அப்லைனோட மாமனாருக்கு மூணே மாசத்துல நார்மலாயிடுச்சு. கிளினிக் மருந்தையே நிறுத்திட்டாரு."

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எழுத்து ரொம்பப் பொடி. பாதி மலாய், பாதி ஆங்கிலம். உங்களிடம் நீட்டுகிறார். "நீயே படிச்சுப் பார்த்துச் சொல்லு."

உங்கள் வீட்டில் அத்தைக்குப் பதில் சித்தி இருக்கலாம், கோயிலில் பழக்கமானவர் இருக்கலாம், பள்ளித் தோழி இருக்கலாம். டப்பாவுக்குப் பதில் காப்பிப் பொட்டலமோ ஜூஸ் போத்தலோ இருக்கலாம். மூன்று மொழி படிக்கத் தெரிந்த பிள்ளை என்பதால் கேள்வி கடைசியில் உங்களிடம்தான் வரும்.

எம்.எல்.எம். எனப்படும் பல்நிலை நேரடி விற்பனையில் ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே பொருளை விற்றுக் கொடுப்பது, அதை நீட்டுபவர் சொல்லும் கதை. டப்பாவில் என்ன அச்சிடலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதை அதிகாரிகள் பார்க்கிறார்கள். வரவேற்பறையில் அத்தை சொல்வதையும், புலனக் குழுவில் அப்லைன் அனுப்பும் குரல் பதிவையும் யாரும் முன்கூட்டிச் சரிபார்ப்பதில்லை. எனவே உங்கள் முதல் வேலை, டப்பாவையும் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அத்தை சொன்னதில் எது உண்மையிலேயே டப்பாவில் எழுதியிருக்கிறது?

மால் எண்: அது சொல்வதும் சொல்லாததும்

மலேசியாவில் மாத்திரை, கேப்சூல் வடிவில் வரும் சப்ளிமென்டும் பாரம்பரிய மருந்தும் 1984-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பொருளை மதிப்பிடுகிறது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் பதிவு எண்ணைக் கொடுக்கிறது. எம், ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, எட்டு இலக்கங்களோடு, கடைசியில் ஓர் எழுத்தில் முடியும் எண் அது. "மால் நம்பர்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது அந்தக் கடைசி எழுத்தை. 'என்' என்று முடிந்தால் அது சுகாதாரச் சப்ளிமென்ட். 'டி' என்றால் பாரம்பரிய அல்லது இயற்கைப் பொருள். 'ஏ', 'எக்ஸ்' என்று வருபவைதான் நாம் பொதுவாக மருந்து என்று சொல்பவை. அதன்பின் இன்னொரு 'சி' இருந்தால், வேறொரு தொழிற்சாலை ஒப்பந்த அடிப்படையில் தயாரித்துக் கொடுக்கிறது என்று பொருள். அதாவது, "இது மருந்து மாதிரி, ரொம்ப பவர்" என்று அத்தை சொல்லும்போது எண் 'டி' என்று முடிந்தால், அரசாங்கம் அதை அந்த வகையில் பதிவு செய்யவில்லை என்பது ஐந்து வினாடியில் தெரிந்துவிடும்.

எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் க்வெஸ்ட்3+ என்ற தேடல் பக்கம் இருக்கிறது. எண்ணை அங்கே தட்டுங்கள். திரையில் வரும் பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றா? பதிவு வைத்திருக்கும் நிறுவனம் இதே நிறுவனமா? பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா? பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வேறொரு பொருளின் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. எண் இருக்கிறது, ஆனால் தேடினால் ஏதோ இருமல் மருந்து வருகிறது என்றால், பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, எல்லாம் பொருந்துகிறது. இப்போது அப்பாவுக்குக் கொடுக்கலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பாரம்பரியப் பொருளைப் பதிவு செய்யும்போது முக்கியமாகப் பார்க்கப்படுவது தரமும் பாதுகாப்பும். ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற கன உலோகம் வரம்புக்குள் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, உற்பத்தி முறை சரியா என்பன போன்றவை. இனிப்பு நீரைக் குணப்படுத்துகிறதா என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துக் கொடுக்கப்பட்ட எண் அல்ல அது. லேபிளிலும் அப்படி எழுத முடியாது. பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். "பொது உடல்நலத்துக்காகப் பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுகிறது" என்கிற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். டப்பா அவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது. அதே டப்பாவைப் பற்றி அத்தை பேசுவதோ வேறு. அந்த இடைவெளிதான் நீங்கள் தேடிக்கொண்டிருந்த பதில்.

இன்னொரு வகை உண்டு. காப்பி, பானப் பொடி, ஜூஸ் என்று வருபவை. இவற்றில் பல உணவாகக் கணக்கிடப்பட்டு 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றுக்கு மால் எண் இருக்காது. இல்லை என்பதற்காகவே அது போலிப் பொருள் ஆகிவிடாது. ஆனால் உணவு என்று ஒதுங்கிக்கொண்ட பொருள், நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. "இது வெறும் உணவுதான், பக்கவிளைவே இல்ல" என்று ஒரு மூச்சிலும், "கிட்னியையே சரி பண்ணிடும்" என்று அடுத்த மூச்சிலும் ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

முகத்தில் பூசும் கிரீம்களுக்கு என், ஓ, டி என்று தொடங்கி 'கே' என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கும். அது ஒப்பனைப் பொருளுக்கு மட்டும். வாயில் போடும் பொருளுக்கு யாராவது அந்த எண்ணைக் காட்டினால் வாங்காதீர்கள்.

மற்ற முத்திரைகள் எல்லாம்?

டப்பாவில் இடம் இருக்கும்வரை முத்திரை இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். ஏ.ஜே.எல். என்பது நிறுவனம் நேரடி விற்பனை செய்ய உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு கொடுக்கும் உரிமம். உள்ளே இருக்கும் மாத்திரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஜாக்கிம் ஹலால் சின்னம், ஜி.எம்.பி. சின்னம் ஆகியவையும் அப்படியே. பொருள் ஹலாலா, தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு அவை பதில். நோய் தீருமா என்று அவற்றிடம் கேட்க முடியாது.

அதிகம் ஏமாற்றுவது "அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகாரம்" என்ற வாசகம். 1994-இல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி, சப்ளிமென்டுகளை விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. அங்கீகரிப்பதே இல்லை. ஒரு தொழிற்சாலை அங்கே தன் பெயரைப் பதிந்திருக்கலாம். பதிவது வேறு, அங்கீகாரம் வேறு.

ஜொகூர் பாலத்தைத் தாண்டி வரும் பொருளுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் சுகாதாரச் சப்ளிமென்டுகளுக்கு, விற்பனைக்கு முன் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. பொருள் பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அதனால் "சிங்கப்பூர்லயே விக்கிறாங்க" என்பது, பொருளை அங்கே யாரோ சோதித்து அனுப்பிவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பத்து நிமிடப் பயணத்தில் சட்டம் மாறிவிடுகிறது.

பெயரைப் படிக்காதீர்கள், அளவைப் படியுங்கள்

சேர்பொருள் பட்டியலைப் படிக்கும்போது நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. தெரிந்த பெயரைத் தேடுவோம். மஞ்சள், கிரீன் டீ, தொங்காட் அலி, கொலாஜன்... ஓ, நல்லதுதான்! பெயர் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் உள்ள மில்லிகிராம்தான் சொல்கிறது.

மூட்டு வலிக்கு விற்கப்படும் குளுக்கோசமைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம். அந்த அளவிலேயே அது எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உங்கள் கையில் உள்ள பொட்டலத்தில் 100 மில்லிகிராம் இருந்தால், "ஆய்வில் நிரூபிக்கப்பட்ட சேர்பொருள்" என்று எழுதியிருப்பது பொய் அல்ல. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் சாப்பிட்டதில் பதினைந்தில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆய்வு ஒரு பொருளுக்கு, விற்பனை இன்னொரு பொருளுக்கு.

சில வெளிநாட்டு டப்பாக்களில் அளவே இருக்காது. பதினைந்து மூலிகையின் பெயரை வரிசையாகப் போட்டு, மொத்தக் கலவை 500 மில்லிகிராம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். நிறுவனத்தின் தனிக் கலவை, ரகசியமாம். சமமாகப் பிரித்தால்கூட ஒரு மூலிகைக்கு 33 மில்லிகிராம்தான் வரும். சமமாகப் பிரித்தார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. விலை மலிவான ஒன்று 480 இருந்து, மற்ற பதினான்கும் மீதி இருபதில் அடங்கியிருக்கலாம்.

குறைவாக இருந்தால் போவது காசுதான். அதிகமாக இருந்தால்?

"அட, மஞ்சள்தானே, நம்ம குழம்புல போடுறதுதானே" என்று தோன்றும். குழம்பு மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் மிகக் குறைவாகத்தான் ஏறுகிறது. அதனால் சப்ளிமென்ட் செய்பவர்கள் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி, மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பைப்பரின் சேர்ந்தபோது மனித உடலில் குர்குமின் கிடைக்கும் அளவு 2000 விழுக்காடு கூடியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத பாதி: இத்தாலியில் 2019-இலும் ஆஸ்திரேலியாவில் 2023-இலும் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக அரசு அமைப்புகள் எச்சரித்தன. அரிதாக நடப்பதுதான். ஆனால் பாட்டி வைத்த குழம்பின் வரலாற்றை வைத்து இந்தக் கேப்சூலுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை, அவ்வளவே.

கிரீன் டீயும் இதே கதை. அதில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளைத் தேநீராகக் குடிப்பவர்கள் சராசரியாக நாளுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் பெறுகிறார்கள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கணக்கிட்டது. சப்ளிமென்டாக 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தன. எடை குறைக்கும் டப்பாவில் கிரீன் டீ சாறு என்று இருந்தால், அதில் இ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் அதை விற்கக் கூடாது.

முடி, நகம், தோல் என்று விற்கப்படும் பானங்களும் கம்மிகளும் உங்கள் வயதுக்காரர்களைக் குறிவைப்பவை. அவற்றில் பயோட்டின் இருக்கும். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். டப்பாவில் 5,000, 10,000 என்று இருப்பது சாதாரணம். பயோட்டின் விஷமில்லை. ஆனால் அது சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு பரிசோதனை தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்று எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது "முடிக்குத்தானே சாப்பிடுறேன்" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

யார் சாப்பிடுகிறார் என்பதும் அளவைப் போலவே முக்கியம். மெங்குடு எனப்படும் நோனி ஜூஸ் பல ஆண்டுகளாக நேரடி விற்பனையில் ஓடுகிறது. அதில் பொட்டாசியம் ஏறக்குறைய ஆரஞ்சு ஜூஸ் அளவுக்கு இருக்கிறது. நமக்கு அது பிரச்சினை இல்லை. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு, டயாலிசிஸ் செய்பவருக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருக்கு நோனி ஜூஸ் குடித்ததால் பொட்டாசியம் ஏறியதை மருத்துவ இதழ் ஒன்று 2000-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறது. "கிட்னிக்கு நல்லது" என்று யாருக்கு அதிகம் விற்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

லேபிளில் இல்லாத சேர்பொருள்

இதுவரை பேசியது நேர்மையான டப்பாவைப் பற்றி. சில பொருள்களில் வேலை செய்வதே பட்டியலில் இல்லாத ஒன்றுதான்.

எடை குறைக்கும் பொருளில் சிபுட்ராமின். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்ததால் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து இது. "ஆண்களுக்கான" காப்பியில் தடாலாஃபில், சில்டெனாஃபில். இதய நோய்க்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுபவர் அந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். மூட்டு வலிக்கான ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வலி மாயமாக மறையும், பசி எடுக்கும், முகம் உருண்டையாகும், இனிப்பு நீர் ஏறும். மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் இத்தகைய பொருள்களைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆனால் ஒரு குறிப்பு உண்டு: மூலிகைக்குரிய வேகம் அல்லாத வேகம். பத்து வருட மூட்டு வலி இரண்டு நாளில் போனால், மகிழ்ச்சியடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள். பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டப்பாவோடு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சிங்கப்பூர் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் விஷயம் உங்களில் பலர் குழந்தையாக இருந்தபோது, அல்லது பிறப்பதற்கு முன் நடந்தது. ஸ்லிம் 10 என்ற எடை குறைப்பு மாத்திரை. எம்.எல்.எம். பொருள் அல்ல, ஆனால் அவருக்கு அது சக நடிகர் ஒருவர் மூலம்தான் கிடைத்தது. உள்ளே ஃபென்ஃப்ளூரமின் இருந்தது; அமெரிக்காவில் 1997-லேயே விலக்கப்பட்ட மருந்து. 2002-இல் அவருடைய கல்லீரல் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். கொண்டுவந்து விற்ற தரப்பினர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்தவர் நம்பிக்கைக்குரியவர் என்பதும், கொடுத்த பொருள் நம்பிக்கைக்குரியது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். அத்தை பொய் சொல்கிறார் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"நச்சு வெளியே போவுது"

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளிமென்ட் சாப்பிட ஆரம்பித்தவருக்கு வாந்தி, அரிப்பு, அசதி வருகிறது. அப்லைனிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அது நல்ல அறிகுறி. உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுது. டோஸைக் கூட்டுங்க." மருந்துக் கடையில் இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். விற்பனைக் குழுவுக்குள் இது பாடமாகவே ஓடுகிறது. உடல் எச்சரிக்கை மணி அடிக்கும்போது, அதைப் பாராட்டு என்று மொழிபெயர்த்துச் சொல்லும் பாடம்.

2007-இல் 'ஜர்னல் ஆஃப் ஹெபட்டாலஜி' என்ற கல்லீரல் மருத்துவ இதழில் இஸ்ரேலிய மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் ஒரே பன்னாட்டு நேரடி விற்பனை நிறுவனத்தின் பொருள்களைச் சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் கடுமையான கல்லீரல் பாதிப்பு. 11 பேர் தேறினார்கள். ஒருவர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் இறந்தார். எந்தச் சேர்பொருள் காரணம் என்று மருத்துவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை; அந்த நிறுவனத் தரப்பும் இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் ஒரு தகவல் மனத்தை விட்டுப் போகாது. 12 பேரில் மூன்று பேர், கல்லீரல் சரியான பிறகு மறுபடியும் அதே பொருளைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மூவருக்கும் பாதிப்பு திரும்ப வந்தது.

பாதிப்பு தொடங்க அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள். "ஆறு மாசமா சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது முழுப் பதில் ஆகாது.

கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அரிப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். இவற்றில் எது வந்தாலும் சப்ளிமென்டை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் மருத்துவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.

அப்பாவின் கிளினிக் மருந்து

அத்தை சொன்ன வாக்கியத்தில் மிக ஆபத்தான பகுதி எது என்று நினைக்கிறீர்கள்? "நார்மலாயிடுச்சு" இல்லை. "கிளினிக் மருந்தையே நிறுத்திட்டாரு."

2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது மிக அதிகம். நம் வீடுகளைத் தேடி இந்த டப்பாக்கள் வருவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

மெட்ஃபார்மினை நிறுத்தினால் அடுத்த நாளே யாரும் மயங்கி விழுவதில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. "பார்த்தீங்களா, மருந்து இல்லாமலே நல்லாத்தான் இருக்காரு." அந்த அமைதியான வாரங்களில்தான் கண்ணின் நரம்பு, சிறுநீரகம், பாதம் எல்லாம் மெல்லக் கெடுகின்றன. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரையும் பார்த்து மருந்தும் வாங்கலாம். அந்த ஒரு வெள்ளியை மிச்சம் பிடிக்க நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து டப்பா வாங்கி, கடைசியில் பாதத்தில் ஆறாத புண்ணோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

அப்லைனின் மாமனார் கதையை என்ன செய்வது? மறுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய ஹெச்.பி.ஏ.1சி எவ்வளவு, இப்போது எவ்வளவு? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. ஒரு நாள் விரலில் குத்திப் பார்த்த எண் போதாது. அந்த மூன்று மாதத்தில் சோற்றைக் குறைத்தாரா, தே தாரிக்கை விட்டாரா? பானம் விற்கும் பல குழுக்கள் கூடவே உணவுக் கட்டுப்பாடும் நடையும் சொல்லிக் கொடுக்கின்றன. குறைத்தது டப்பாவா, நடையா? இன்னொன்று, பலன் கிடைக்காதவர்கள் அந்தப் புலனக் குழுவில் பேசுவதில்லை. வெளியேறிவிட்டிருப்பார்கள்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? "இது மோசடி அத்தை" என்று ஆரம்பித்தால் உறவுதான் முறியும். அப்பா அத்தை பக்கம் சாய்ந்துவிடுவார். "அத்தை, டப்பாவைப் படம் எடுத்து கிளினிக்ல இருக்கிற மருந்தாளர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் அப்பா மருந்தை நிறுத்த மாட்டாரு" என்று சொல்லிப் பாருங்கள். நல்லெண்ணத்தில் கொடுப்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். "வேண்டாம், அவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று பதில் வந்தால், அதையும் அப்பா கேட்கட்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிடு திட்டத் தடுப்புச் சட்டம், ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய 10 வேலை நாள் அவகாசம் கொடுக்கிறது. பொருளைப் பிரிக்காதீர்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ரத்து செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள். திருப்பிக் கொடுக்க மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

விற்பவர் நீங்களாகவே இருந்தால்? கல்லூரிக் காலத்தில் டவுன்லைனாகச் சேர்பவர்கள் ஏராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நீரிழிவு, புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மலட்டுத்தன்மை உட்பட 20 நோய்களுக்கு ஒரு பொருள் தீர்வு என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது குற்றம். மற்ற மருத்துவ விளம்பரங்களுக்கும் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் அனுமதி எண் வேண்டும். அப்லைன் அனுப்பிய "முன்பு, பின்பு" படத்தை நீங்கள் முகநூலில் பகிர்ந்தால், அதில் இருப்பது அவருடைய பெயர் அல்ல. உங்கள் பெயர்.

யாருக்காவது பக்கவிளைவு வந்திருந்தால், பொதுமக்களே நிரப்பி அனுப்பக்கூடிய கான்செர்ஃப் என்ற படிவம் என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் இருக்கிறது. இந்தப் பொருள்தான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். பொருளின் பெயர், மால் எண், எப்போது ஆரம்பித்தார், என்ன ஆயிற்று, கூடவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். டப்பாவின் அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கலப்படம் ஒரு தொகுதியில் மட்டும் இருந்தால் அதைப் பிடிக்க அந்த எண்தான் உதவும்.